வரைபொருளும் வரன்விலையும்: மும்பைப் பின்புலத்தில் நாஞ்சில் நாடனின் இரு நாவல்கள்

அகப்பொருள் இலக்கணம் காதல் ஒழுக்கத்தைப் பேசும் இலக்கணமாகவே பெரிதும் வாசிக்கப்பட்டு வந்துள்ளது. அதனுள் ஒரு பொருளியலும் அமைந்திருப்பது அவ்வளவாகக் கவனம் பெறவில்லை. தலைவியை மணப்பதற்கு வேண்டிய பொருளை ஈட்டும்பொருட்டுத் தலைவன் பிரிந்து செல்வதை 'வரைவிடை வைத்துப் பொருள்வயிற் பிரிதல்' என இலக்கண நூலார் தனித்து வகுத்தனர். கோவை நூல்களில் இது விரிவாக வளர்ந்தது. திருக்கோவையாரின் வரைபொருட் பிரிதல் பகுதியில் 'முலைவிலை கூறல்' என்றே ஒரு துறை உண்டு. தலைவியின் சுற்றத்தார் எதிர்பார்க்கும் விலை எத்தகையது என்பதைத் தோழி தலைவனுக்கு உணர்த்தும் துறை அது. சொல் இன்றைய காதுக்கு உறுத்தலாம். ஆனால் மணத்தில் பொருள் எந்தத் திசையில் பாய்ந்தது என்பதை இதைவிட வெளிப்படையாகச் சொல்லும் சொல் வேறில்லை. ஆணின் வீட்டிலிருந்து பெண்ணின் வீட்டிற்குப் பொருள் சென்றது.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் தலைவனுக்கும் தலைவிக்கும் வேண்டிய ஒப்புமைகளைப் பத்தாக வகுக்கிறது. குடிமை, ஆண்டு, உருவு, அருள், உணர்வு முதலியவற்றோடு 'திரு'வும் அவற்றுள் ஒன்று. பொருள்நிலை ஒப்பு காதலுக்குப் புறம்பானது என இலக்கணம் கருதவில்லை. எனினும் பத்தில் ஒன்றாகவே அதனை வைத்தது. மற்றொரு செய்தியும் நோக்கத்தக்கது. களவு நீளத்தக்க காலத்தை இறையனார் அகப்பொருள் இரண்டு திங்களுக்குள் வரையறுக்கிறது. பொருள் தேடப் போனவன் விரைவில் மீள்வான், மீண்டதும் வரைவான் என்ற உறுதிப்பாட்டின் மேல்தான் அகமரபு நிற்கிறது.

இருபதாம் நூற்றாண்டில் பொருள் தேடிப் பம்பாய்க்குச் சென்ற தமிழ் இளைஞனுக்கு அவ்வுறுதிப்பாடு இல்லை. பொருள் பாயும் திசையும் மாறிவிட்டது. ஈட்டும் ஆற்றலே விலைக்குரிய பண்டமாயிற்று. அவ்விலையைப் பெண் வீட்டார் செலுத்தினர். இம்மாற்றத்தைத் தமிழ்ப் புனைவு எவ்வாறு பதிவு செய்துள்ளது என்பதை, மும்பையில் பல ஆண்டுகள் பணியாற்றிய நாஞ்சில் நாடனின் 'தலைகீழ் விகிதங்கள்' (1977), 'சதுரங்கக் குதிரை' (1993) ஆகிய இரு நாவல்களின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

மாட்டுங்கா, செம்பூர், தாராவி

மும்பைத் தமிழர் ஒரே சமூகமல்லர். இரயில் நிலையங்கள் சிலவே இடையிட்ட தொலைவில் மூன்று வேறு மணச் சந்தைகள் இயங்கின. மாட்டுங்கா, எழுத்தர் வேலைக்கும் கணக்கர் வேலைக்கும் வந்த தென்னிந்திய நடுத்தர வர்க்கத்தின் முதல் குடியிருப்பு. தென்னிந்தியக் கல்விக் கழகம் அங்கு 1932இல் தொடங்கப்பட்டதே அக்குடியிருப்பு வேரூன்றியதற்குச் சான்று. மாட்டுங்காவில் இடம் நெருக்கவே, அடுத்த தலைமுறை கிழக்கே செம்பூருக்கு நகர்ந்தது. இந்நகர்வுக்குப் பொருளியல் காரணம் தெளிவானது. 1950களின் நடுவில் செம்பூரை அடுத்த டிராம்பேயில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள் எழுந்தன. 1954இல் அணுசக்தி நிறுவனம் அங்கு அமைந்து, 1967இல் பாபா அணு ஆராய்ச்சி மையம் எனப் பெயர் பெற்றது. உரத் தொழிற்சாலையும் வந்தது. ஆலைகள் 1970களில் அரசுடைமையாயின. நிலையான ஊதியம், ஓய்வூதியம் அல்லது வைப்புநிதி, மருத்துவ வசதி, சில இடங்களில் குடியிருப்பு ஆகியவற்றோடு கூடிய வேலைகள் செம்பூரைச் சூழ்ந்து பெருகின. செட்டா நகர் முருகன் கோயில், அகோபில மடம், நுண்கலைக் கழகம் என்பன வழிபாட்டுக்கும் இசைக்கும் உரிய இடங்களாக மட்டும் இருக்கவில்லை. ஒரே மாதிரியான ஊதியமும் ஒரே மாதிரியான குலமும் உடைய குடும்பங்கள் ஒருவரை ஒருவர் பார்த்து மதிப்பிடும் இடங்களாகவும் இத்தகைய அமைப்புகள் தமிழர் குடியேறிய நகரங்களிலெல்லாம் இருந்து வந்துள்ளன. சபைக் கச்சேரியின் இடைவேளையில் சாதகம் கைமாறுவது அறியாத செய்தியன்று.

தாராவியின் நிலை வேறு. திருநெல்வேலி வட்டாரத்திலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கும் பிற உடலுழைப்புகளுக்கும் வந்தோர் அங்குப் பெருந்தொகையினர். அவர்களுள் பலர்க்கு மணமுறை ஊரோடு பிணைந்தது. மாமன் மகள், அத்தை மகள் என்ற முறை உறவில் மணம் அமையும்போது விலைபேசுதல் அடங்கிவிடுகிறது. இருபுறமும் ஒரே சொத்தின் இரு கிளைகள். முறைமணம் சந்தையை விலக்கி வைக்கும் ஏற்பாடு என்று இதனைக் கொள்ளலாம். செம்பூரின் சம்பளக்காரக் குடும்பம் ஊரைவிட்டு நீங்கி, நிலத்தை விற்று, முறை உறவையும் தளர்த்திக்கொண்டபோது அந்த வேலி அகன்றது. அறியாத குடும்பத்தோடு சம்பந்தம் செய்ய நேர்ந்தது. அறியாதவனை அளக்க அளவுகோல் வேண்டும், ஊதியம் அவ்வளவுகோலாயிற்று.

தமிழ்ப் பிராமணரின் நடுத்தர வர்க்க உருவாக்கத்தை ஆராய்ந்த கிறிஸ்டோபர் ஃபுல்லர், ஹரிப்ரியா நரசிம்மன் ஆகியோர் பதினெட்டுக் கிராம வாத்திமர் பற்றி 2008இல் வெளியிட்ட ஆய்வு இவ்விடத்தில் துணை செய்யும். குழந்தை மணத்திலிருந்து, படித்த ஆணும் படித்த பெண்ணும் மனமொத்து வாழும் இணைமணத்திற்கு அவ்வுட்பிரிவினர் நகர்ந்ததையும், அந்நகர்விலும் அகமணம் பெரிதும் விடாமல் பேணப்பட்டதையும் அவர்கள் காட்டினர். தேர்வுரிமை விரிந்தது, தேர்வுக்குரிய வட்டம் அந்த அளவிற்கு விரியவில்லை.

மருமக்கள் வழியும் அதன் முடிவும்

நாஞ்சில் நாடன் செம்பூர் நடுத்தர வர்க்கத்தின் எழுத்தாளர் அல்லர். நாஞ்சில் நாட்டு வேளாளர் வாழ்வை மும்பையில் இருந்துகொண்டு எழுதியவர். 1970களின் தொடக்கத்தில் வேலை நிமித்தம் அங்குச் சென்று, அங்கிருந்தே முதல் நாவலையும் எழுதினார். எனவே அவர் நாவல்களில் இரு மணச் சந்தைகளும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்துள்ளன. அவற்றைப் பிரித்தறிய நாஞ்சில் நாட்டுச் சொத்துரிமை வரலாறு இன்றியமையாதது.

நாஞ்சில் நாட்டு வேளாளர் மருமக்கள் வழியைப் பின்பற்றியவர். காரணவரின் சொத்து சகோதரியின் மக்களுக்குச் சென்றது. மனைவி மக்களுக்கு 'உகந்துடைமை' என்ற வரம்புக்குட்பட்ட பங்கே கிடைத்தது. இவ்வமைப்பில் மனைவி என்பவள் கணவன் வீட்டுச் சொத்தில் நிலைத்த உரிமை அற்றவள். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் 'நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்' இந்நிலையை அங்கதமாகப் பாடியது. காரணவர் ஒருவருக்கு ஐந்தாம் மனைவியாக வாழ்க்கைப்பட்ட பெண் தன் கதையைத் தானே சொல்வதாக அந்நூல் அமைகிறது. 1926இல் திருவிதாங்கூர் அரசு இயற்றிய நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டத்தோடு மருமக்கள் வழி முடிவுக்கு வந்தது. மக்கள் வழி நிலைபெற்றது.

அதன்பின் மணத்தின் பொருள் மாறியது. முன்பு கணவனின் சொத்து மனைவிக்கு வாராது. ஆகவே கணவனின் சொத்தை நோக்கிப் பெண் கொடுப்பதில் பயன் குறைவு. மக்கள் வழியில் அவன் சொத்து அவன் பிள்ளைகளுக்கு வரும். மாப்பிள்ளையின் வயலும் தோப்பும் வேலையும் பெண்ணைப் பெற்றவனுக்கு முதலீடாகத் தோன்றின. நாஞ்சில் நாட்டு வரதட்சிணைக்குச் சட்டமாற்றமே ஒரே காரணம் என்று சொல்வது மிகையாகும். கல்வி, பணப்புழக்கம், அரசு வேலை ஆகியன சேர்ந்தே இயங்கின. எம்.என். சீனிவாஸ் 1984இல் வரதட்சிணை பற்றி எழுதிய நூலில், தென்னிந்திய நவீன வரதட்சிணையைப் பழைய ஸ்ரீதனத்தின் தொடர்ச்சியாகக் கருதக்கூடாது என்றும், ஆங்கிலேயர் ஆட்சியில் தோன்றிய கல்வியும் சம்பள வேலையும் பணப்பொருளாதாரமும் ஈன்ற புதுவழக்கம் அது என்றும் வாதிட்டார். அது பெண்ணுக்குத் தரும் தனம் அன்று, மாப்பிள்ளைக்குத் தரும் விலை. 'தலைகீழ் விகிதங்கள்' இக்கருத்துக்கு ஏழாண்டு முன்னரே எழுதப்பட்ட புனைவுச் சான்று.

தலைகீழ் விகிதங்கள்: செலுத்தப்படாத விலை

சிவதாணு படித்தவன், வேலையற்றவன், வறிய குடும்பத்தின் மூத்த பிள்ளை. செல்வக் குடும்பத்துப் பெண் அவனுக்கு வாய்க்கிறாள். வேலை வாங்கித் தருவதாக மாமனார் அளித்த வாக்கு நிறைவேறாமல் போக, மனைவியின் வீட்டில் அவன் மதிப்பு தேய்கிறது. தன்மானத்திற்கும் வயிற்றுக்கும் இடையில் அவன் படும் பாடே நாவல். இதனைத் தங்கர் பச்சான் 'சொல்ல மறந்த கதை' (2002) எனத் திரைப்படமாக்கினார். திரைப்படம் குடும்பக் கதையாகவே பெரிதும் உள்வாங்கப்பட்டது. நாவலை ஒப்பந்தக் கதையாக வாசிப்பதே கூடுதல் பயன் தரும்.

அமெரிக்கப் பொருளியலறிஞர் கேரி பெக்கர் 1973இல் திருமணத்தைப் பற்றிய பொருளியல் கோட்பாட்டை வெளியிட்டார். இருவரும் தனித்து வாழ்வதைவிடச் சேர்ந்து வாழ்வதில் மிகுதியான பயன் விளையும் எனில் மணம் நிகழும். அப்பயனைப் பங்கிடும் முறையைச் சந்தை முடிவு செய்யும். பங்கீடு நெகிழ்வற்றதாக இருப்பின் வரதட்சிணையோ பரிசமோ அவ்விடைவெளியை ஈடு செய்யும் என்பது அதன் சாரம். சிவதாணுவின் மணத்தை இதன்படி விளக்குவது எளிது. அவனிடம் பட்டம் உண்டு, வேலை இல்லை. பெண் வீட்டாரிடம் பொருளும் செல்வாக்கும் உண்டு. பட்டத்தை வேலையாக மாற்றும் செல்வாக்கே இங்கு விலை. ஆனால் கோட்பாடு காணத் தவறுவதை நாவல் கண்டுகொள்கிறது. விலை ரொக்கமாகக் கைமாறவில்லை, வாக்காகவே நின்றது. மணம் முடிந்தது; வாக்கு நிலுவையில் உள்ளது. நிலுவையை வசூலிக்க எந்த மன்றமும் இல்லை. 1961ஆம் ஆண்டு வரதட்சிணைத் தடைச் சட்டத்தின்படி வரதட்சிணை கொடுப்பதும் வாங்குவதும் கேட்பதும் குற்றம். சட்டத்திற்குப் புறம்பான பண்டமாற்றில் ஏமாந்தவனுக்குச் சட்டம் எப்படித் துணை நிற்கும்? ஊரும் துணை நிற்காது. மாமனார் சோற்றை உண்பவனாகவே ஊர் அவனைப் பார்க்கும்.

இவ்விடத்தில் தலைப்பின் பொருத்தம் புலப்படும். கணிதத்தில் தலைகீழ் விகிதம் என்பது ஒன்று கூட மற்றொன்று குறைவது. பெண் வீட்டின் செல்வம் கூடக்கூட மாப்பிள்ளையின் மதிப்புக் குறைகிறது என்பது நேர்ப்பொருள். அகமரபைக் கருதினால் இன்னொரு பொருளும் விரியும். வரைபொருள் ஈட்டப் பிரிந்து சென்ற தலைவனின் இடத்தில், வரைந்தபின் பொருளுக்காகக் காத்திருக்கும் தலைவன் நிற்கிறான். பிரிவும் வரைவும் வரிசை மாறிவிட்டன. நாவலாசிரியர் இத்தொடர்பை எண்ணி எழுதினார் என்று கொள்ள வேண்டியதில்லை. தமிழ் எழுத்தாளர் ஒருவர் மணத்தையும் பொருளையும் சேர்த்து எழுதும்போது அகமரபின் சட்டகம் பின்னால் நிழலாடாமல் இராது.

நாவலின் வலிமை இது. மாமனாரைக் கொடியவராகவும் மருமகனைத் தியாகியாகவும் அது பிரிக்கவில்லை. சிவதாணுவும் கணக்குப் பார்த்தே மணம் செய்துகொண்டான் என்பதை வாசகர் மறக்கவியலாது. தன்மானத்தை அவன் பேசும்போதெல்லாம் அக்கணக்கும் கூடவே ஒலிக்கிறது.

விஜயேந்திர ராவ் 1993இல் எழுதிய கட்டுரை, தென்னிந்தியாவின் நடுப்பகுதிக் கிராமங்களின் தரவுகளைக் கொண்டு 'கணவன்மாரின் ஏறும் விலை'யை விளக்க முயன்றது. மக்கள்தொகை பெருகும்போது, தம்மினும் வயது கூடிய ஆண்களை மணக்கும் வழக்கமுடைய பெண்களின் எண்ணிக்கை ஆண்களின் எண்ணிக்கையை விஞ்சும். அப்பற்றாக்குறையால் விலை ஏறும் என்றார். இதனை மறுத்த ஆய்வுகளும் பின்னர் வந்தன. எப்படியாயினும் எண்ணிக்கையை மட்டும் கொண்ட விளக்கம் சிவதாணுவைத் தொடவில்லை. ஆண்கள் பற்றாக்குறை என்றால் அவன் விலை ஏறியிருக்க வேண்டும். பற்றாக்குறையாக இருந்தது வேலையுடைய ஆண். படித்த வேலையற்றோர் பெருகிய 1970களில் மணச் சந்தையில் ஆண்கள் இரண்டாகப் பிரிந்தனர் என்பதை நாவல் உணர்த்துகிறது.

சதுரங்கக் குதிரை: விலை கேட்கப்படாதவன்

முதல் நாவலின் இக்கட்டுக்குப் பம்பாய் ஒரு விடையாகத் தோன்றியிருக்கும். ஊரில் வேலை இல்லையா, பம்பாய்க்குச் செல். நாலு காசு சேர்த்து வா. வந்து மணம் செய்துகொள். 'மிதவை' (1986) அவ்வழியில் செல்லும் இளைஞனின் அலைவைச் சொன்னது. 'எட்டுத் திக்கும் மதயானை' (1998) ஊரைவிட்டு ஓடியவன் நிழலுலகில் சேர்ந்ததைச் சொன்னது. 'சதுரங்கக் குதிரை'யே மணத்தை மையத்தில் வைக்கிறது. மணம் நிகழாமையை வைத்து.

நாராயணன் வேலையுடையவன். சிவதாணுவுக்கு இல்லாத அனைத்தும் அவனுக்கு உண்டு. ஆயினும் நடுவயதை எட்டியும் மணம் கூடவில்லை. ஒற்றைப் பெருங்காரணம் எதையும் நாவல் முன்வைக்காதது அதன் நுட்பம். காலம் கழிகிறது; ஒவ்வோராண்டும் தள்ளிப்போகிறது; தள்ளிப்போனதே பின்பு காரணமாகிறது. இறையனார் அகப்பொருள் வரையறுத்த இரண்டு திங்கள் இருபது ஆண்டுகளாக நீண்டுவிட்டால் வரைபொருட் பிரிவுக்கு என்ன பெயர்? அகமரபில் இதற்குத் துறை இல்லை. பிரிந்தவன் மீளாமற்போவது அங்குக் கருதப்படவே இல்லை.

இந்நாவலை ஆளுமைச் சிக்கலின் கதையாக மட்டும் வாசிப்பது குறையுடையது. பம்பாயில் மணத்தைத் தள்ளிப்போடச் செய்யும் பொருளியல் காரணம் ஒன்று எல்லாருக்கும் பொதுவாக இருந்தது. அது வீடு. 1947ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் பழைய குடியிருப்போரின் வாடகையை உறைய வைத்தது. புதிதாக வாடகைக்குக் கட்டுவதில் ஆதாயம் அருகியது. பழைய வீட்டின் குடியுரிமையைப் பெறுவதற்குப் 'பகடி' எனும் முன்தொகை தர வேண்டியிருந்தது. சம்பளத்தில் உண்ணலாம், உடுக்கலாம், ஊருக்கும் அனுப்பலாம். கதவடைத்துக்கொள்ள ஓர் அறை வாங்க இயலாது. பீம்சைன் இயக்கிய 'கரௌந்தா' (1977) எனும் இந்தித் திரைப்படம் இதனையே கருவாகக் கொண்டது. ஒரே அலுவலகத்தில் பணிபுரியும் காதலர் இருவர் வீடு வாங்கச் சேர்த்த பணத்தைக் கட்டுமானக்காரரிடம் இழக்கின்றனர். பின்பு நோயுற்ற செல்வரான முதலாளியை மணந்துகொள்ளுமாறு காதலியைக் காதலனே தூண்டும் நிலை வருகிறது. 'தலைகீழ் விகிதங்கள்' வெளிவந்த அதே ஆண்டில் அப்படமும் வந்தது தற்செயலே. ஆயினும் மணத்தைப் பொருளியல் நெருக்கடியாகக் கண்ட காலம் ஒன்றின் இரு விளைவுகளாக அவற்றைச் சேர்த்து நோக்கலாம்.

செம்பூரின் நிலையான ஊதியக்காரர்க்கும் வீட்டுவசதி வாரியக் குடியிருப்பு, கூட்டுறவு வீட்டுக் கழகம், அலுவலகக் குடியிருப்பு ஆகிய ஏணிகள் இருந்தன. நாராயணனைப் போன்ற தனியார் நிறுவன ஊழியர் பலர்க்கு அவை இல்லை. 1966இல் சிவசேனை தோன்றித் தென்னிந்திய அலுவலக ஊழியரை இலக்காக்கியபின், பம்பாய் வேலையின் மீது பெண் வீட்டார்க்கு இருந்த நம்பிக்கையும் அசைந்திருக்கக்கூடும். ஊரில் 'பம்பாய் மாப்பிள்ளை' என்ற சொல்லுக்கு மதிப்பும் ஐயமும் ஒருங்கே உண்டு. என்ன வேலை, எங்கே குடியிருப்பு, யாருடன் பழக்கம் என்பதை ஊரிலிருந்து சரிபார்க்க இயலாது. விலை சொல்லத்தக்க செய்தியே கிடைக்காத பண்டத்திற்கு யாரும் விலை கேட்பதில்லை.

டேவிட் கேல், லாயிட் ஷாப்லி இருவரும் 1962இல் இணைசேர்த்தல் பற்றி ஒரு கணிதக் கட்டுரை எழுதினர். ஒருபாலார் வரிசையாக விருப்பம் தெரிவிக்க, மறுபாலார் சிறந்ததை வைத்துக்கொண்டு மற்றவற்றை மறுத்தால், முடிவில் எவரும் பிரிந்து சென்று வேறு இணை தேட முடியாத நிலையான அமைப்பு உண்டாகும் என நிறுவினர். ஷாப்லி 2012இல் நோபல் பரிசு பெற்றது இத்துறைப் பங்களிப்புக்காகவே. பின்வந்தோர் இதிலிருந்து மேலும் ஒன்றைக் கண்டனர். தனித்திருப்பதையே மேலெனக் கருதி இன்னாரை ஏற்கோம் என்னும் உரிமை இருபாலார்க்கும் இருந்து, ஒவ்வொருவரின் விருப்ப வரிசையிலும் இருவர் ஒருநிலை பெறாதிருப்பின், எத்தனை வகையாக நிலையான இணைப்புகளை அமைத்தாலும் இணையின்றி நிற்போர் அதே ஆட்களாகவே இருப்பர். கணிதத்தில் இஃது ஒரு தேற்றம். நாராயணனைப் படித்தவர்க்கு அது வேறுவிதமாகக் கேட்கும். அவன் இன்னும் கொஞ்சம் முயன்றிருந்தால், இன்னொரு தரகரைப் பார்த்திருந்தால் என்று எண்ணுவோர்க்கு அத்தேற்றம் மறுமொழி தருகிறது. நாவலோ அங்கே நின்றுவிடவில்லை. தேற்றத்தில் ஒவ்வொருவரின் விருப்ப வரிசையும் முன்பே எழுதப்பட்டு மாறாது நிற்கும். நாராயணனின் விருப்பமோ தனிமையில் கிடந்து தானே மாறுகிறது. மணத்தை விரும்பியவன் படிப்படியாக மணத்தை அஞ்சுபவனாகிறான். சதுரங்கக் குதிரை பிற காய்களைத் தாண்டிச் செல்லவல்லது. அதனால் எவற்றையும் ஒட்டி நகராதது. பொருளியல் மாதிரிகள் கொடுக்கப்பட்டதாகக் கொள்ளும் விருப்பத்தை, விளைந்த ஒன்றாகக் காட்டுவது புனைவின் பணி. அதனை இந்நாவல் செவ்வனே செய்கிறது. 'தலைகீழ் விகிதங்க'ளினும் 'சதுரங்கக் குதிரை' ஆழமான படைப்பு என்பதற்கு இது போதிய காரணம்.

பெண்ணின் கணக்கு

இரு நாவல்களுக்கும் பொதுவான ஒரு குறை உண்டு. மணச் சந்தை முழுவதும் ஆணின் பக்கத்திலிருந்தே காணப்படுகிறது. சிவதாணுவின் மனைவி தந்தைக்கும் கணவனுக்கும் இடையில் அல்லலுறுகிறாள். அவள் எதை இழக்கிறாள், எதைப் பெறுகிறாள் என்று அவளே கணக்கிடும் இடம் நாவலில் போதவில்லை. தந்தையின் வீட்டில் அவளுக்குச் செல்வம் உண்டு, உரிமை உண்டா? தமிழ்நாட்டில் 1989ஆம் ஆண்டுத் திருத்தமும் மகாராட்டிரத்தில் 1994ஆம் ஆண்டுத் திருத்தமும் மகளைக் கூட்டுக்குடும்பச் சொத்தில் பிறப்புரிமை உடையவளாக்கின. 2005இல் நாடு முழுமைக்கும் அது விரிந்தது. அதற்கு முன் வாழ்ந்த அவளுக்கு, மணத்தின்போது வந்த நகையும் பாத்திரமுமே தந்தை சொத்தின் பங்கு. அதனையும் கணவன் வீட்டில் தன் கையில் வைத்துக்கொள்ள முடியுமா என்பது அவள் முன் நின்ற கேள்வி. அவள் தந்தையின் பக்கம் சாய்வதைக் குணக்குறையாகக் காட்டிச் செல்லும் பகுதிகளை இக்கேள்வியை மனத்திற்கொண்டு மீண்டும் வாசிக்க வேண்டும். உடைமை உள்ள இடத்தைப் பற்றிக்கொள்ளும் அறிவும் அதில் இருக்கிறது.

மும்பை நடுத்தர வர்க்கத்தில் பெண்ணின் கணக்கு மேலும் சிக்கலானது. தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்று அலுவலகம் சென்ற தமிழ்ப் பெண்கள் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் பெருகினர். மகளின் ஊதியம் குடும்பத்திற்கு வருவாயானபின் அவள் மணம் குடும்பத்திற்கு இழப்பாகவும் ஆகலாம். கே. பாலசந்தரின் 'அவள் ஒரு தொடர்கதை' (1974) இவ்விழப்பைத் தமிழ்த் திரையில் முதன்மைப் பொருளாக்கியது. மறுபுறம், வேலைக்குச் செல்லும் பெண்ணின் ஊதியம் தவணை முறையில் செலுத்தப்படும் வரதட்சிணையாகவும் கருதப்படலாயிற்று. மாதந்தோறும் வரும் தொகை ஒரே நாளில் தரும் தொகையினும் மேலானதென மாப்பிள்ளை வீட்டார் உணர நெடுங்காலம் ஆகவில்லை.

செம்பூருக்கு அண்மையிலுள்ள தாதரில் கைவன் முன்ஷியும் மார்க் ரோசன்ஸ்வைக்கும் மராத்தியர் குடும்பங்களிடையே நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வு, இப்பெண்களின் நகர்வுக்கு ஒரு விளக்கம் தருகிறது. சாதிவழி வேலைத் தொடர்புகள் ஆண்பிள்ளைகளை மராத்தி வழிப் பள்ளிகளிலேயே நிறுத்தி வைத்தன. அத்தகைய தொடர்பு எதுவும் இல்லாதிருந்த பெண்பிள்ளைகள் ஆங்கில வழிக்கு விரைந்து சென்றனர். பழைய வலைப்பின்னலில் இடமின்மை புதிய சந்தையில் முன்னேறும் வாய்ப்பாக மாறியது. இதனைத் தமிழர்க்கு அப்படியே பொருத்துவது பிழை; நடுத்தர வர்க்கத் தமிழர் ஆண்களையும் முதலிலேயே ஆங்கிலத்திற்கு அனுப்பினர். தாராவித் தமிழர் குடும்பங்களில் இத்தகைய வேறுபாடு நிகழ்ந்ததா என்பது ஆராயத்தக்கது. தம்பியைவிட அக்காள் மிகுதியாகப் படித்த வீட்டில் அவளுக்கு ஒப்பு எங்கே கிடைக்கும்? பத்து ஒப்புகளுள் 'உணர்வு' ஒத்தால் 'குடிமை' ஒவ்வாது. 'குடிமை' ஒத்தால் 'உணர்வு' ஒவ்வாது.

குடிமையைக் கைவிட எவ்வளவு விலை தருவர் என்பதை அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்ளோ முதலியோர் கொல்கத்தா நாளிதழ் மண விளம்பரங்களைக் கொண்டு அளந்து 2013இல் வெளியிட்டனர். சாதிக்கு வெளியே செல்லாதிருப்பதற்காக, முதுகலைப் பட்டம் பெற்ற வரனை விட்டுக் கல்வியே இல்லாத வரனையும் ஏற்கும் அளவுக்குப் பெண் வீட்டாரின் சாதி விருப்பம் வலுவுடையதாக இருந்தது. ஆனால் அவ்விழப்பு நடைமுறையில் நேர்வதில்லை. ஒவ்வொரு சாதிக்குள்ளும் படித்தவரும் வருவாயுடையோரும் இருப்பதால், சாதிக்குள் தேடுவோர் வேறெதையும் பெரிதாக இழப்பதில்லை. பொருளாதார வளர்ச்சி தானாகவே சாதி மணத்தைக் கரைத்துவிடும் என்னும் நம்பிக்கைக்கு இம்முடிவு இடம் தரவில்லை. பதினெட்டுக் கிராம வாத்திமரிடம் கண்ட செய்தியும் இதனோடு ஒத்துச் செல்கிறது.

1990களின் இறுதியில் அமெரிக்காவில் பணியாற்றிய முருகவேல் ஜானகிராமன் தமிழர்க்கென நடத்திய இணையத்தளத்திலிருந்தே 'பாரத் மேட்ரிமோனி' வளர்ந்தது. நாளிதழ் விளம்பரத்தில் சொல்லுக்குக் காசு. அதனால் சொற்சுருக்கம் ஓர் உரைநடை வகையாகவே உருவெடுத்தது. இணையப் படிவத்தில் சொல்லுக்குக் காசில்லை. ஆயினும் வயது, உயரம், கல்வி, ஆண்டு வருமானம், உட்சாதி, விண்மீன் எனக் கட்டங்கள் உண்டு. கட்டத்திற்குள் வாராதது தேடுவோர் கண்ணில் படாது. மெய்ப்பாட்டியலின் பத்து ஒப்புகளை அப்படிவத்தின் மேல் வைத்துப் பார்த்தால் குடிமை, ஆண்டு, உருவு, திரு ஆகியவற்றிற்குக் கட்டம் உண்டு. அருளுக்கும் உணர்வுக்கும் நிறைக்கும், 'என்னைப் பற்றி' என்ற வெற்றிடம் ஒன்றே எஞ்சுகிறது. அதிலும் பெரும்பாலோர் ஒரே மாதிரியான நான்கு தொடர்களையே எழுதுகின்றனர். படிவத்தைக் குறைகூறிப் பயனில்லை. நாராயணனின் காலத்தில் இது இருந்திருந்தால், ஊரிலிருந்து சரிபார்க்க முடியாத அவனுடைய வேலையும் குடியிருப்பும் எழுத்தில் தெரிந்திருக்கும். முதல் வடிகட்டலில் வயது அவனை வெளியே தள்ளியும் இருக்கும்.

செம்பூர் திலக் நகரின் பழைய வாரியக் குடியிருப்புகள் இடிக்கப்பட்டு அடுக்குமாடிகளாக எழுந்துள்ள இக்காலத்தில், தந்தை பெற்ற சிறு வீடு மகனுக்கோ மகளுக்கோ பெருஞ்சொத்தாக மாறியிருக்கிறது. ஊதியம் அளவுகோலாக இருந்த சந்தைக்குள் மரபுரிமை மீண்டும் நுழைகிறது. நாஞ்சில் நாட்டு வயலும் தோப்பும் வகித்த இடத்தைச் செம்பூரின் இரண்டு அறைகள் வகிக்கின்றன. அவ்வீட்டில் பங்கு கேட்கும் மகளின் குரலைத் தமிழ்ப் புனைவு எழுதும்போது அதற்கு முன்மாதிரி நாஞ்சில் நாடனிடம் கிடைக்காது; கவிமணியிடமே கிடைக்கும். மான்மியத்தின் ஐந்தாம் மனைவி தனக்கு என்ன வந்தது, என்ன வாராதுபோனது என்று வெளிப்படையாகவே எண்ணிச் சொல்கிறாள். நாராயணனுக்கு மனைவியாக வந்திருக்கக்கூடிய பெண், பம்பாயில் வீடற்ற நடுவயதுக்காரன் ஒருவனைப் பற்றித் தன் வீட்டுத் திண்ணையில் நடந்த பேச்சைக் கதவின் பின்னே நின்று கேட்டு என்ன கணக்கிட்டிருப்பாள் என்பது, 'சதுரங்கக் குதிரை'யின் பக்கங்களுக்கு வெளியே நிற்கிறது.